மாதம் எழுபது ரிங்கிட்டில் பாலம் கடக்கும் கப்சாய்: மிச்சம் எவ்வளவு, ஆபத்து யாருக்கு?

காலை மணி ஆறு. பினாங்கில் அந்த நேரத்தில் விடிந்திருக்காது. ஆனால் பிறைப் பக்கமிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறும் மோட்டார் சைக்கிள்கள் அதற்குள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள், மருத்துவமனை ஊழியர்கள், பாதுகாவலர்கள், லிட்டல் இந்தியாவில் கடை திறக்க வேண்டியவர்கள் எனப் பலரும் அந்த வரிசையில் இருப்பார்கள். பெரும்பாலோர் ஓட்டுவது 110 சிசி அளவிலான சிறிய மோட்டார். நம் ஊர்ப் பேச்சில் அதற்கு ஒரே பெயர், கப்சாய்.

பத்து காவான், நிபோங் தெபால், சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரங்களில் வாழும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டையும் வேலையையும் இணைப்பது இந்த மோட்டார்தான். தீவில் வேலை, பெருநிலத்தில் வாடகைக்குக் கட்டுப்படியாகும் வீடு என்ற வாழ்க்கையை அதுதான் சாத்தியமாக்கி வைத்திருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் டோல் ரத்து, பெட்ரோல் உதவித்தொகை என்று அரசாங்கமும் மோட்டார் ஓட்டிகளுக்குச் சில சலுகைகளைத் தந்துள்ளது.

இந்தச் சலுகைகளால் ஓட்டிகளின் கையில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது? மலிவான வாகனம் என்று சொல்லும்போது கணக்கில் வராமல் போகும் செலவு எது? அதை யார் சுமக்கிறார்கள்? கப்சாய் வைத்திருக்கும் ஒவ்வொரு வீடும் யோசிக்க வேண்டிய கேள்விகள் இவை.

பினாங்கில் வேர்விட்ட வண்டி

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சூப்பர் கப் என்ற சிறிய மோட்டாரை வெளியிட்டது. கையால் பிடிக்கும் கிளட்ச் அதில் கிடையாது. காலால் கியரை மிதித்தால் போதும், கிளட்ச் தானே இயங்கும். உணவுக் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதை மனத்தில் வைத்து அதை வடிவமைத்ததாகச் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்த வரிசையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை.

அதே 1958-இல் ஜப்பானுக்குப் போயிருந்த பினாங்கு வணிகர் லோ பூன் சியூவின் கண்ணில் இந்த வண்டி பட்டது. சீனாவின் ஃபுஜியன் மாநிலத்தில் 1915-இல் பிறந்த அவர் சிறுவனாகப் பினாங்கு வந்தவர். பள்ளிப் படிப்பு இல்லை. பஸ் கழுவி, பட்டறையில் வேலை செய்து, பின்னர் பஸ் நிறுவனமே நடத்தினார். ஹோண்டா மோட்டாரை மலாயாவில் விற்கும் உரிமையைப் பெற்றுத் திரும்பினார். பின்னாளில் டான்ஸ்ரீ விருது பெற்ற அவர் 1995-இல் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய பூன் சியூ ஹோண்டா நிறுவனம் இன்றும் பினாங்கில்தான் மோட்டார்களைத் தயாரிக்கிறது.

கப்சாய் என்ற சொல்லும் அந்த வண்டியிலிருந்து வந்ததுதான். கப் என்பது ஹோண்டா வைத்த பெயர். சாய் என்பது சிறியதைக் குறிக்கும் கந்தோனீஸ் ஒட்டு. இன்று ஹோண்டா, யமஹா, கெடா குருனில் உருவாகும் மொடனாஸ் என எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டாராக இருந்தாலும் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அது கப்சாய்தான். 1980-களில் வந்த ஹோண்டா இஎக்ஸ்5 வண்டியின் பெயரைத் தெரியாத தோட்டப்புற வீடே இருக்காது.

பூன் சியூ ஹோண்டாவின் தொழிற்சாலை அமைந்திருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். அது பத்து காவான். ஒரு காலத்தில் கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த தோட்ட மண். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1990-களுக்குப் பிறகு பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பத்து காவானைப் புதிய நகரமாக மாற்றத் தொடங்கியது. தோட்டம் போய் தொழிற்பேட்டை வந்தது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலமும் 2014-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி அங்கிருந்து தீவின் பத்து மாவுங்குக்குத் திறந்தது.

மோட்டார் இல்லாமல் ஏன் முடியவில்லை?

தோட்டத்தில் வேலை வீட்டு வாசலிலேயே இருந்தது. லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு நடந்து போனார்கள். பள்ளி, கோயில், கடை எல்லாம் நடக்கும் தூரம்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது வீடும் வேலையும் பிரிந்தன. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972-இல் தொடங்கியதிலிருந்து தீவின் தென்பகுதி தொழிற்சாலை மையமாக வளர்ந்தது. வேலை அங்கே, வீடு இங்கே என்ற நிலை அப்போதிருந்தே வலுத்து வந்திருக்கிறது.

பஸ் இல்லாமல் இல்லை. ரெபிட் பினாங்கு 2007-இல் சேவையைத் தொடங்கியது. ஆனால் தாமானிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஒரு நடை, பட்டர்வொர்த்தில் ஒரு மாற்றம், தீவில் இறங்கி இன்னொரு மாற்றம் என்றால் காலை ஏழு மணி ஷிப்ட்டைப் பிடிக்க நாலரை மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் பாடு இன்னும் கடினம். திட்டமிடாத ஓவர்டைம் வந்தால் பஸ்ஸை நம்பி இருக்க முடியாது.

ஃபெரியின் கதை வேறு. பழைய ஃபெரிகள் 2020-ஆம் ஆண்டின் கடைசி நாளோடு ஓய்வு பெற்றன. அதன் பிறகு கார்கள் ஃபெரியில் ஏற முடியாது. 2023 ஆகஸ்ட்டில் சேவைக்கு வந்த புதிய ஃபெரிகள் பாதசாரிகளையும் சைக்கிள்களையும் மோட்டார்களையும் மட்டுமே ஏற்றுகின்றன. பட்டர்வொர்த்தில் குடியிருந்து ஜோர்ஜ்டவுன் பட்டணத்துக்குள் வேலை செய்பவருக்கு மோட்டாரோடு ஃபெரி ஏறுவது பாலத்தைவிடப் பாதுகாப்பான வழி. ஆனால் பாயான் லெப்பாஸ் போகிறவருக்கு அது சுற்று வழியாகிவிடுகிறது.

பினாங்கின் மக்கள் தொகையைவிட அங்கே பதிவாகியுள்ள வாகனங்கள் அதிகம். நாடு முழுவதும் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய பாதி மோட்டார் சைக்கிள்கள். வேறு வழி இல்லாத நிலைதான் இதற்குப் பெரிய காரணம்.

மாதக் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் வசிக்கும் ஒருவர் நாளொன்றுக்குப் போக வர 60 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை என்றால் 1,560 கிலோமீட்டர். கப்சாய் ஒரு லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 35 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும். லிட்டர் 1.99 ரிங்கிட் வீதம் மாதச் செலவு ஏறக்குறைய 70 ரிங்கிட்.

அதே தூரத்தைக் காரில் போனால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டாலும் 130 லிட்டர் வேண்டும். அது 259 ரிங்கிட். பாலத்தின் டோல் தனி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று 2025-இல் நிர்ணயமான நாட்டில், அந்தச் சம்பளம் வாங்குகிறவர் காரில் தீவுக்குப் போய் வருவது நடக்காத காரியம்.

பெட்ரோல் மட்டும் செலவாகாது. புதிய கப்சாய் ஏறத்தாழ 5,000 ரிங்கிட். கையில் மொத்தப் பணம் இல்லாதவர்கள் தவணைக் கடனில் எடுக்கிறார்கள். விளம்பரப் பலகைகள் மாதத் தவணையை மட்டுமே பெரிய எழுத்தில் காட்டும். உதாரணத்துக்கு, 5,000 ரிங்கிட்டை ஆண்டுக்கு 10 விழுக்காடு நிலையான வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 2,500 ரிங்கிட். மாதத் தவணை 125. கடன் குறையக் குறைய வட்டி குறையாத முறை இது. அசல் ஒவ்வொரு மாதமும் இறங்கினாலும் வட்டி முதல் தொகைக்கே போடப்படுகிறது. அதனால் உண்மையான வட்டி விகிதம் ஆண்டுக்கு 17 விழுக்காட்டைத் தாண்டும். ஐந்தாயிரத்து வண்டிக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கட்டி முடிக்கும்போது, அந்த வண்டியின் மறுவிற்பனை விலை எவ்வளவோ இறங்கியிருக்கும்.

தவணை 125, பெட்ரோல் 70, காப்புறுதிக்கும் கறுப்பெண்ணெய், டயர், செயின், பிரேக் பராமரிப்புக்கும் 50 ஒதுக்கினால் மொத்தம் 245 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு. தவணை முடிந்த பிறகு அது பாதிக்கும் கீழே, 120 ரிங்கிட்டுக்கு இறங்கும். நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியை ரொக்கத்துக்கு வாங்குவதும், இருக்கும் வண்டியைப் பராமரித்துப் பத்தாண்டு ஓட்டுவதும் புதிய வண்டிக்குத் தவணை கட்டுவதைவிட லாபம் என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. மகன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே 150 சிசி வண்டிக்குக் கையெழுத்துப் போடும் வீடுகள் இதை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.

சலுகை யாருக்கு எவ்வளவு?

2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் பினாங்கின் இரண்டு பாலங்களிலும் மோட்டார் சைக்கிள்களுக்கு டோல் கிடையாது. அதுவரை முதல் பாலத்தில் 1.40 ரிங்கிட்டும் இரண்டாவது பாலத்தில் 1.70 ரிங்கிட்டும் வசூலிக்கப்பட்டது. தீவுக்குள் நுழையும்போது மட்டுமே டோல் என்பதால் 26 நாளுக்கு முறையே 36.40, 44.20 ரிங்கிட் மிச்சம். சிறிய தொகை போலத் தோன்றினாலும், மேலே சொன்ன பெட்ரோல் செலவில் பாதிக்கும் மேல் அது.

அடுத்தது பெட்ரோல். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி பூடி95 திட்டம் எல்லாருக்கும் தொடங்கியது. மைகாட்டும் செல்லுபடியாகும் வாகனமோட்டும் உரிமமும் உள்ள குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட். மாதத்துக்கு 300 லிட்டர் வரை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. தகுதி இல்லாதவர்களுக்குத் தொடக்க விலை 2.60 ரிங்கிட்.

அந்தத் தொடக்க விலையில் வித்தியாசம் லிட்டருக்கு 61 சென். நம் கணக்கில் உள்ள கப்சாய்க்காரருக்கு 35 லிட்டரில் அப்போது கிடைத்த உதவி மாதம் 21 ரிங்கிட். அதே தூரம் காரில் போகிறவருக்கு 79 ரிங்கிட். அப்போதைய 300 லிட்டரையும் நிரப்பிய பெரிய காருக்கு 183 ரிங்கிட். எண்ணெயைக் குறைவாகப் பயன்படுத்துகிறவருக்கு உதவியும் குறைவாகத்தான் கிடைக்கிறது. திட்டத்தில் குறை என்று இதை ஒதுக்க முடியாது, லிட்டர் கணக்கில் தரப்படும் எந்த உதவியும் இப்படித்தான் இருக்கும். ஆனால் மோட்டார் ஓட்டிகளுக்காகவே பெட்ரோல் விலை காக்கப்படுகிறது என்ற பேச்சை எடைபோட இந்த எண்கள் உதவும். அந்தத் தொடக்க விலைக் கணக்கில் கப்சாய் ஓட்டிக்கு மாதா மாதம் பெரிய உதவியாக இருந்தது பெட்ரோலைவிட டோல் ரத்துதான்.

பூடி95 இன்னொரு பழைய பிரச்சினையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் மோட்டார் ஓட்டுகிறவர்கள் நம் சமூகத்தில் குறைவில்லை. தோட்டச் சாலையில் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஓட்டப் பழகி, பிறகு அப்படியே பெரிய சாலைக்கு வந்தவர்கள் அவர்கள். ஓட்டுநர் பள்ளிக் கட்டணத்தை நினைத்துத் தள்ளிப்போட்டே இருபது ஆண்டு ஓட்டிவிட்டவர்களும் உண்டு. முன்பு சாலைத் தடுப்புச் சோதனையில் மாட்டினால்தான் பிரச்சினை. இப்போது பெட்ரோல் நிலையத்திலேயே தெரிந்துவிடுகிறது.

சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் நிரந்தரவாசிகளின் நிலை இன்னும் சங்கடமானது. இங்கேயே பிறந்தும் குடியுரிமை ஆவணம் சரியாக இல்லாமல் தவிக்கும் இந்தியர்களின் பிரச்சினை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. உரிமம் வைத்திருந்தாலும் மைகாட் இல்லாததால் அவர்களுக்கு 1.99 விலை கிடையாது. ஐம்பது ஆண்டு தோட்டத்தில் உழைத்த ஒருவரும் நேற்று வந்த வெளிநாட்டவரும் பெட்ரோல் நிலையத்தில் ஒரே விலையைக் கட்டுகிறார்கள்.

கணக்கில் வராத செலவு

2019-ஆம் ஆண்டு மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். கோவிட் ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை குறைந்தது, பிறகு மீண்டும் ஆறாயிரத்தைத் தாண்டியது. சாலையில் மரணமடைகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்துக் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி போகிறது என்று பொருள். இறப்பவர்களில் உழைக்கும் வயதினர் மிகுதி. வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆளாக இருப்பவர்களும் அவர்களில் உண்டு.

காரில் மோதினால் இரும்பு நசுங்குகிறது. மோட்டாரில் நசுங்குவது உடம்பு. கப்சாய் மலிவாக இருப்பதன் ஒரு பகுதி இதுதான். காரில் வாங்குகிறவர் பணம் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு கப்சாயில் கிடையாது. மழையில், எதிர்க்காற்றில், லாரிகளுக்கு நடுவே அந்தக் குறையைத் தன் உடம்பால் ஈடுகட்டுவது ஓட்டிதான்.

இதைத் தலைவிதி என்று விட்டுவிட முடியாது. சட்டமும் சாலை அமைப்பும் மாறினால் மரணம் குறையும் என்பதற்கு மலேசியாவே உலகுக்கு உதாரணம் காட்டியிருக்கிறது. 1973-இலேயே இங்கே ஹெல்மெட் கட்டாயமானது. 1992-இல் மோட்டார்கள் பகலிலும் விளக்கைப் போட வேண்டும் என்ற விதி வந்தது. வண்டி கண்ணில் படாததால் நேரும் விபத்துகள் அதனால் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்ததாகப் பேராசிரியர் ராடின் உமாரின் ஆய்வு காட்டியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களில் அமைந்த மோட்டார் தனித்தடம் உலகிலேயே முதலாவது என்று சொல்லப்படுகிறது. அந்தத் தடத்தால் மோட்டார் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகவும் அவர் குழுவின் ஆய்வு கணித்தது.

பினாங்கின் இரண்டாவது பாலம் மோட்டாருக்கென்று தனித்தடத்தோடு கட்டப்பட்டது. ஆனால் பாலத்திலிருந்து இறங்கியதும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. தொழிற்பேட்டைச் சாலைகளிலும், பிறை, ஜூரு பக்கமுள்ள நெரிசலான சந்திப்புகளிலும் கப்சாய் கொள்கலன் லாரிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது.

பிரேக் விஷயமும் இதைப் போன்றதுதான். அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் கருவி ஏபிஎஸ். 2025 ஜனவரியிலிருந்து 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் ரகங்களுக்கு அது கட்டாயம் என்று போக்குவரத்து அமைச்சு விதித்தது. வரவேற்க வேண்டிய விதி. ஆனால் தொழிலாளர்கள் அதிகம் ஓட்டும் 110 சிசி வண்டிகள் அந்த வரம்புக்குக் கீழே நிற்கின்றன. இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் முன்சக்கரத்தில்கூட இன்னும் டிரம் பிரேக்தான். சிறிய வண்டியில் ஏபிஎஸ் வைத்தால் விலை ஏறும், ஏழைகளால் வாங்க முடியாது என்பது வழக்கமான பதில். பெட்ரோலுக்கு லிட்டர் கணக்கில் உதவித்தொகை தர முடிகிற நாட்டில், பிரேக்குக்கு வண்டிக்கு ஒருமுறை உதவி தர ஏன் முடியாது என்று யாரும் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

விபத்து நேர்ந்தால் என்ன கிடைக்கும்?

சாலை வரியோடு எடுக்கும் கட்டாயக் காப்புறுதி மூன்றாம் தரப்புக்கானது. நாம் மோதியவருக்கு அது இழப்பீடு தரும். நாமே சறுக்கி விழுந்து கால் உடைந்தால் அதில் ஒன்றும் கிடைக்காது. இது தெரியாமல், இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள் பலர்.

சம்பளத் தொழிலாளிக்கு உண்மையான பாதுகாப்பு சொக்சோ. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையிடத்தில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். மதிய உணவுக்குப் போய் வரும் வழிக்கும் இது பொருந்தும். விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் தனி உதவிகள் உண்டு.

இதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வழியை விட்டு விலகிப் போயிருந்தாலோ, நடுவில் சொந்த வேலைக்காகப் பயணத்தை நிறுத்தியிருந்தாலோ அந்த நேரத்து விபத்து வேலை விபத்தாகக் கருதப்படாது. 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே வீட்டார் யாராவது முதலாளிக்குத் தகவல் சொல்லிவிடுவது முக்கியம். மருத்துவ விடுப்புச் சான்று, வருகைப் பதிவு, போலீஸ் புகாரின் நகல் மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

முதலாளி சொக்சோ கட்டியிருக்கிறாரா என்பதைச் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பார்ப்பது அதைவிட முக்கியம். ஏஜெண்டு மூலம் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், கடைகளில் கைச்சம்பளம் வாங்குகிறவர்கள், துப்புரவு வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோர் இதில் அதிகம் ஏமாறக்கூடியவர்கள்.

கப்சாயிலேயே பிழைப்பு நடத்தும் உணவு விநியோக ஓட்டிகளின் எண்ணிக்கையும் பெருகியிருக்கிறது. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் வந்தது. ஆனால் சந்தா கட்டும் பொறுப்பு பெரும்பாலும் ஓட்டியின் தலையிலேயே இருந்தது. 2025 ஆகஸ்ட்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் அவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பையும் முறையீட்டு வழியையும் உறுதிசெய்ய முனைகிறது. நடைமுறையில் அது எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் தெரியும்.

உரிமம் இல்லாதவருக்கு இவை எல்லாமே சிக்கலாகும். உரிமமின்றி ஓட்டுவது காப்புறுதி நிபந்தனையை மீறுவதாகும். எதிரே வந்தவருக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்தாலும், அதை ஓட்டியிடம் திரும்பக் கேட்க வழி உண்டு. போலீஸில் பிடிபட்டால் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். 250 சிசி வரையிலான மோட்டாருக்கான பி2 உரிமத்தை 16 வயதிலேயே எடுக்கலாம். குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு அதை இலவசமாக எடுத்துத் தரும் மைலேசன் என்ற அரசாங்கத் திட்டமும் நடப்பில் இருந்து வருகிறது. இடங்கள் மிகக் குறைவு, விரைவில் நிரம்பிவிடும் என்பதுதான் சிக்கல். தொகுதி மக்கள் பிரதிநிதிகளின் சேவை மையங்கள் அறிவிக்கும்போதே பதிந்துகொள்வது நல்லது.

2031 வரை என்ன செய்வது?

பினாங்கு எல்ஆர்டியின் முத்தியாரா தடத்துக்கு 2025 ஜனவரியில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அடிக்கல் நாட்டினார். தீவின் தென்பகுதியிலிருந்து பாயான் லெப்பாஸ் வழியாகக் கொம்தாருக்கும், கடலைக் கடந்து பட்டர்வொர்த் பினாங்கு சென்ட்ரலுக்கும் அது செல்லும். 2031-இல் முடிக்க இலக்கு. திட்டமிட்டபடி நடந்தால் பட்டர்வொர்த் வாசிகளுக்குப் பெரும் உதவிதான். ஆனால் நிபோங் தெபால், சுங்கை பாக்காப், பத்து காவான் மக்களுக்கு ரயில் நிலையம் வரை போகவே ஒரு மோட்டார் தேவைப்படும். மின்சார மோட்டாருக்கு 2024 வரவு செலவுத் திட்டத்தில் 2,400 ரிங்கிட் வரை தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. பத்தாவது மாடியில் குடியிருப்பவர் அதற்கு எங்கே சார்ஜ் போடுவார் என்பது இன்னும் தீராத கேள்வி.

ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்குக் கப்சாய்தான். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பாலத்தில் உள்ள தனித்தடம் தொழிற்பேட்டை வாசல் வரை தொடர வேண்டும். 150 சிசிக்குக் கீழே உள்ள வண்டிகளுக்கும் நல்ல பிரேக் வர வேண்டும், அதன் கூடுதல் விலையில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்க வேண்டும். மைலேசன் இடங்கள் கூட வேண்டும். சிவப்பு அட்டைக்காரர்களின் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்காமல் முடிய வேண்டும்.

சமூகம் தானே செய்யக்கூடியவையும் உண்டு. கோயில் நிர்வாகங்களும் பொது இயக்கங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். உரிமம் இல்லாதவர்களின் பெயரைப் பதியலாம். சொக்சோ சந்தாவைச் சரிபார்க்க உதவலாம். வண்டிகளின் டயர், பிரேக், விளக்கைப் பட்டறைக்காரர் ஒருவரை வைத்துப் பார்த்துத் தரலாம். பெரிய செலவு எதுவும் இதற்கு ஆகாது.

பெட்ரோல் விலை ஐந்து சென் ஏறினாலும் இறங்கினாலும் அது அன்றே தலைப்புச் செய்தியாகிறது. கப்சாய் ஓட்டிக்கு அந்த ஐந்து சென் மாதத்தில் இரண்டு ரிங்கிட்டுக்கும் குறைவு. தேய்ந்துபோன பின் டயரை இந்த மாதமே மாற்றுவதும், காலாவதியான உரிமத்தைப் புதுப்பிப்பதும், சம்பளச் சீட்டில் சொக்சோ வரியைப் பார்ப்பதும் அதைவிடப் பல மடங்கு பெறுமானம் உள்ளவை. காலையில் பாலம் ஏறியவர் மாலையில் வீடு திரும்புவது அவற்றைத்தான் பெரிதும் பொறுத்திருக்கிறது.